கடவுச்சொல் மாற்றிய கதை

உலகிற் பூட்டுத் தோன்றிய நாள் யாதென யாம் அறியோம். ஆயினும், பூட்டுத் தோன்றிய அந்நாளிலேயே திறவுகோலைத் தொலைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்து விழித்த ஒருவனும் தோன்றியிருப்பான் என்பதில் ஐயமில்லை. இக்காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் இரண்டு பூட்டுக்கள் உள. ஒன்று, வாயிற்கதவில் தொங்குவது; இரும்பாலாயது; கண்ணுக்குப் புலனாவது. மற்றொன்று, கூடத்துச் சுவரில் சிறு விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டியினுள் இருப்பது, சொல்லாலாயது, கண்ணுக்குப் புலனாகாதது. வைஃபை என்று யாவரும் வழங்கும் கம்பியில்லா வலையின் கடவுச்சொல்லே அவ்விரண்டாம் பூட்டு. சென்ற கோடை விடுமுறையில் யான் அப்பூட்டை மாற்றினேன். மாற்றியது ஐந்து நிமிட வேலை. அதனால் நேர்ந்த தீங்கைக் கண்டுணர்வதற்கோ பதினாறு நாட்கள் ஆயின. பிறர்க்குப் பயன்படுமென்னும் எண்ணத்தானும், என் பிழையை மறைத்துவைப்பதில் உள்ளம் ஒப்பாமையானும் அக்கதையை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் உள்ளது. என் பெற்றோரும், தந்தையாரைப் பெற்ற ஆச்சியும், விடுமுறை நாட்களில் யானும் அதில் வாழ்கின்றோம். ஆச்சி தொடக்கப்பள்ளி ஆசிரியையாய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகளாகிய என் அத்தை இங்கிலாந்தில் செவிலியாய் இருக்கின்றார். ஞாயிறுதோறும் மாலை ஆறரை மணிக்கு, அங்கு நண்பகல் கடந்து இரண்டு மணி ஆகும்போது, அத்தை ஆச்சியைக் காணொளியில் அழைப்பார். அவ்வழைப்பிற்கென்றே ஆச்சியிடம் ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. எட்டாண்டுகட்கு முன் அத்தை வாங்கித் தந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே ஆச்சி முகங்கழுவித் தலைவாரி, முன்தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து, அதனை மடிமேல் வைத்துச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கிவிடுவார். அவ்வரை மணி நேரத்தில் அவரிடம் வேறெதுவும் பேசுதல் இயலாது.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவனுக்குக் கணினி நுட்பங்களில் என்ன தொடர்பென்று நேயர்கள் வினவக்கூடும். தொடர்பு மிகவும் குறைவு. ஆயின் செருக்கு மிகுதி. விடுமுறைக்குச் சென்ற முதற்கிழமையில், வலையின் ஓட்டம் தளர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றிற்று. மடிக்கணினியில் 192.168.1.1 என்னும் எண்களை இட்டு, ரவுட்டர் என்னும் அப்பெட்டியின் உட்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வலையில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் அங்கே இருந்தது. எங்கள் வீட்டிற்குரியவை ஐந்து: பெற்றோரின் கைப்பேசிகள் இரண்டு, என் கைப்பேசி, என் மடிக்கணினி, ஆச்சியின் டேப்லெட். பட்டியலிலோ ஆறு இருந்தன. ஆறாவது யாருடையது? அடுத்த வீட்டில் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதிய சிறுவன் ஒருவன் இருக்கின்றான். எங்கள் மதிலோரத்துப் படிக்கட்டில் அமர்ந்து அவன் கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்ததை இருமுறை கண்டிருந்தேன். வேறு சான்று வேண்டுமோ? திருடன் அகப்பட்டான் என்று துணிந்தேன். அவனையும் கேட்டேனில்லை, வீட்டாரையும் கேட்டேனில்லை.

அன்று சனிக்கிழமை. அப்பொழுதே பழைய கடவுச்சொல்லை நீக்கி, பேரெழுத்தும் சிற்றெழுத்தும் எண்ணும் குறியும் விரவிய இருபது எழுத்துச் சொல்லொன்றை இட்டேன். அவ்வளவில் நில்லாது, காப்பு முறை என்னும் இடத்தில் பல பெயர்கள் இருக்கக் கண்டு, அவற்றுள் மிகப் புதியதாகிய டபிள்யூ.பி.ஏ. 3 என்பதை மட்டும் தெரிந்துவைத்தேன். புதியது எதுவோ அதுவே சிறந்தது என்பது என் கொள்கை. வலையின் பெயரை மாற்றவில்லை. என் கருவிகள் இரண்டிலும் புதிய சொல்லை இட்டுக்கொண்டேன். வீட்டாரிற் கேட்போர்க்குச் சொல்லலாம் என்று எண்ணினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் கேளாமையால் எல்லாம் நலமே என்று கருதினேன். அக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதைப் பின்னர் உணர்ந்தேன். பெற்றோரின் கைப்பேசிகள், வலையிற் புக முடியாதவாறே ஓசையின்றி மொபைல் டேட்டாவிற்கு மாறிக்கொண்டன. ஆதலின் அவர்கள் வேறுபாடு எதனையும் அறிந்திலர். ஆச்சியின் டேப்லெட்டிற்கோ அத்தகைய மாற்றுவழி இல்லை. அதனுள் சிம் அட்டை கிடையாது. வலையன்றி அதற்கு வேறு கதியில்லை.

நிற்க. இக்கடவுச்சொல் தொழிற்படும் முறையைச் சிறிது கூறுதல் இங்கு இன்றியமையாதது. கம்பியில்லா வலைக்குரிய 802.11 என்னும் நெறிமுறை 1997-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதனோடு பிறந்த டபிள்யூ.இ.பி. என்னும் காப்பு மிகவும் மெலிந்தது. அதன் ஓட்டையை 2001-ஆம் ஆண்டிலேயே அறிஞர் எடுத்துக்காட்டினர். அதனால் 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்பதும், 2004-இல் அதனினும் வலிய இரண்டாம் வகையும், 2018-இல் மூன்றாம் வகையும் தோன்றின. இன்று வீடுகளில் மிகுதியாய் வழங்கும் இரண்டாம் வகையிற் கடவுச்சொல் எட்டெழுத்திற்குக் குறையாமலும் அறுபத்துமூன்றெழுத்திற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்.

இதிற் கருதத்தக்க செய்தி யாதெனின், நாம் இடும் கடவுச்சொல் காற்றில் ஒருபோதும் செல்வதில்லை. கருவியானது அச்சொல்லையும் வலையின் பெயரையும் ஒருங்கு சேர்த்து 4096 முறை கடைந்து ஒரு நீண்ட எண்ணை ஆக்கிக்கொள்கிறது. ரவுட்டரும் தன்னிடமுள்ள சொல்லைக்கொண்டு அவ்வாறே செய்து வைத்திருக்கிறது. பின்னர் அவ்விரண்டும், அந்தந்த நேரத்திற் பிறக்கும் வேறிரு எண்களைத் தம்முள் மாற்றிக்கொண்டு, சொல்லை வெளியிடாமலே, 'நீ அறிந்ததை யானும் அறிவேன்' என்று ஒன்றற்கொன்று மெய்ப்பித்துக்கொள்கின்றன. இருபது எழுத்துக்களில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் கடைந்தெடுத்த எண் முற்றும் வேறாகிவிடும். ஆகவே, எவ்வெழுத்துப் பிழைத்தது என்று ரவுட்டரே அறியாது. 'அணுகி வந்தாய், இன்னும் சிறிது திருத்து' என்று அது நமக்குக் கூறமாட்டாது. அதற்குத் தெரிந்த விடை இரண்டே: ஆம், அன்று. ஏன் என்னும் வினாவிற்கு அதனிடம் விடையில்லை.

மேலும், கருவிகள் ஒரு வலையை அதன் பெயரால் நினைவிற் கொள்கின்றன. யான் பெயரை மாற்றாது சொல்லை மட்டும் மாற்றியமையால், ஆச்சியின் டேப்லெட் தனக்குத் தெரிந்த பெயரைக் கேட்டுப் பழைய சொல்லையே மீண்டும் மீண்டும் கூறி மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வீடு மாறிய மகனைத் தேடிப் பழைய வீட்டுக் கதவைத் தட்டும் தாய் போன்றது அதன் நிலை.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழு மணிக்கு யான் வெளியிலிருந்து வந்தபோது, ஆச்சி முன்தாழ்வாரத்தில் டேப்லெட்டை மடிமேல் வைத்துக்கொண்டு இருட்டில் அமர்ந்திருந்தார்.

"அத்தை பேசிவிட்டார்களா, ஆச்சி?" என்றேன்.

"இல்லை ஐயா. அவளுக்கு என்மேல் கோபம். மூன்று வாரமாய்க் கூப்பிடவில்லை" என்றார்.

யான் திகைத்தேன். ஆச்சி பின்னர்க் கூறியது இது: தாத்தாவின் நினைவு நாளுக்கு இவ்வாண்டு விடுப்புக் கிடைக்காதென்று அத்தை சொல்ல, ஆச்சி மனம் வருந்தி, "உனக்கு வேலைதான் பெரிது" என்று கூறிவிட்டாராம். அதுவே அவர்கள் இறுதியாகப் பேசியது. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மகன் கைப்பேசியிலிருந்து அழைக்கலாமே என்றால், "அவளாய்ப் பேசாதபோது நான் எப்படிக் கூப்பிடுவது?" என்னும் எண்ணம் தடுத்ததாம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் முகங்கழுவித் தலைவாரிக் காத்திருந்து, எட்டு மணிக்கு எழுந்து உள்ளே சென்றிருக்கின்றார். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

டேப்லெட்டை வாங்கிப் பார்த்தேன். அது விழித்திருந்தது, மணி காட்டிற்று, பழைய படங்களைக் காட்டிற்று. ஆயின் மேல்விளிம்பில் இருக்கவேண்டிய விசிறி போன்ற சிறு குறி மட்டும் இல்லை. கடுகளவினதாகிய அக்குறி இல்லாமையை எழுபத்தாறு வயதுக் கண்கள் எங்ஙனம் காணும்? கண்டாலும் அதன் பொருளை யார் அவர்க்கு உரைத்தார்? அந்நொடியில் என் உள்ளத்திற் பட்டதை எழுத்தில் வடிக்க இயலவில்லை. மகள் கோபித்தாள் என்று ஆச்சி எண்ணி வருந்திய இரண்டு வாரமும், கதவைப் பூட்டியவன் யானே.

உடனே சரிசெய்துவிடலாம் என்று அமர்ந்தேன். புதிய கடவுச்சொல்லை இட்டேன். 'இணைக்க இயலவில்லை' என்றது டேப்லெட். எழுத்துப் பிழைத்திருக்கலாம் என்று, இட்ட எழுத்துக்களைக் கண்ணுக்குக் காட்டும் குறியைத் தொட்டு, ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து மீண்டும் இட்டேன். இயலவில்லை. 'இவ்வலையை மறந்துவிடு' என்னும் கட்டளையால் பழைய நினைவை அழித்துப் புதிதாய் இட்டேன். இயலவில்லை. சுவர் தடுக்கின்றதோ என்று டேப்லெட்டை ரவுட்டரின் அருகிற் கொணர்ந்தேன். அப்பொழுதும் இயலவில்லை. அதே சொல்லை என் கைப்பேசி ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே சொல்லிற் குற்றமில்லை. அங்கேயே நின்று, 'ஒரு கருவி ஏற்கும் சொல்லை மற்றொரு கருவி ஏலாதது ஏன்?' என்று யான் வினவியிருத்தல் வேண்டும். வினவவில்லை. வெட்கமும் அவசரமும் கூடியவிடத்தில் அறிவுக்கு இடமில்லை போலும்.

ரவுட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவினதாகிய ஒரு துளை உண்டு. குண்டூசியொன்றை எடுத்து அத்துளையில் நுழைத்துப் பத்து நொடி அழுத்தினேன். மின்னிணைப்பை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்தல் ஒன்று. இத்துளையை அழுத்துதல் மற்றொன்று. முன்னது, உறங்குபவனை எழுப்புதல் போல்வது. பின்னது, அவன் நினைவனைத்தையும் அழித்துப் பிறந்த குழந்தையாக்குதல் போல்வது. இவ்வேறுபாட்டை யான் நூல்வாயிலாக அறிந்திருந்தும் கைவாயிலாக அறியேன். விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தன. இணையத்திற்குரிய விளக்கு மட்டும் எரியவில்லை. ஒரு கருவியிலிருந்த குறை இப்பொழுது வீடு முழுவதற்கும் ஆயிற்று.

அவ்வேளையில், காலையில் ஆச்சி குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பித் தரும்பொருட்டு அடுத்த வீட்டுச் சிறுவன் வந்தான். தரையில் ரவுட்டரும் குண்டூசியுமாய் யான் இருந்த கோலத்தைக் கண்டு, "என்ன அண்ணா, ரீசெட் செய்துவிட்டீர்களா?" என்று கேட்டான். ஆச்சி, "இவன்தான் ஐயா எனக்கு டேப்லெட்டையெல்லாம் சரிசெய்து தருவான். இவன் படிப்பதற்காக நான்தான் அந்தச் சொல்லைப் பங்குனி மாதம் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

யான் தலைகுனிந்தேன். அவன் அதைக் கவனியாதவன்போல், பெட்டியை நோக்கி அமர்ந்து, "எல்.ஓ.எஸ். விளக்குச் சிவப்பாய் எரியவில்லை, பி.ஓ.என். விளக்குப் பச்சையாய் நிற்கிறது. ஆகவே தெருவிலிருந்து வரும் ஒளியிழை நன்றாய்த்தான் இருக்கிறது. போனது கணக்குப் பெயரும் அதன் கடவுச்சொல்லும் மட்டுமே" என்றான். யான் ஒரு மணி நேரம் முட்டி மோதியதை அவன் இரண்டு விளக்குகளைப் பார்த்து வகுத்துவிட்டான். குறை தெருவிலா, பெட்டியிலா, கருவியிலா என்று முதலிற் பிரித்தறிதல் வேண்டும். பிரித்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும். அவ்வொழுங்கை எனக்குக் கற்பித்தவன் யான் திருடனென்று தீர்ப்பளித்த அச்சிறுவனே.

வைஃபைக்குரிய கடவுச்சொல் ஒன்று. இணையம் வழங்கும் நிறுவனத்தார் வீட்டுக் கணக்கிற்கென்று அளிக்கும் கடவுச்சொல் வேறொன்று. முன்னது எம் கருவிகள் பெட்டியுட் புகுதற்குரியது. பின்னது பெட்டி உலகினுட் புகுதற்குரியது. பின்னதை யாம் நாள்தோறும் வழங்காமையால் மறந்தேபோகின்றோம். யான் அழித்தது அதனையே. இணைப்புக் கொடுக்க வந்த பணியாளர் மூன்றாண்டுகட்கு முன் சொல்லச் சொல்ல, ஆச்சி அதனைத் தம் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தார். புத்தகம் வந்தது. பென்சிலெழுத்து, பல ஞாயிறுகளிற் கைபட்டு மங்கியிருந்தது. எட்டெழுத்துள் ஆறு தெளிவு, இரண்டு ஐயம். வட்டமாயிருந்தது சுழியமோ, பெரிய ஓ-வோ, சிறிய ஓ-வோ? நேராய் நின்றது ஒன்றென்னும் எண்ணோ, சிறிய எல்லோ, பெரிய ஐயோ? ஒவ்வொன்றும் மும்மூன்றாய் ஒன்பது பாடங்கள்.

இங்கு என் படிப்பு எனக்கு நினைவிற்கு வந்தது. ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவாய் நிற்கும். ரகரத்திற்கும் நெடிலைக் காட்டும் காலுக்கும் வேறுபாடு தோன்றாது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக்காட்டும் வரிவடிவத்தை வீரமாமுனிவர் பின்னர் வகுத்தார். 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்த உழைப்பை வகுப்பிற் பன்முறை கேட்டுள்ளேன். ஆதலின் அப்பின்னட்டையை விளக்கருகே பிடித்துப் பாடபேதம் ஆராயத் தொடங்கினேன். ஒன்பதில் நான்கு பாடங்களை இட்டுப் பார்த்தேன், நான்கும் தவறின. ஐந்தாவதை இட முற்பட்டபோது அச்சிறுவன், "அண்ணா, எழுதியவர்தான் பக்கத்திலேயே இருக்கிறார்களே; கேட்டால் என்ன?" என்றான்.

ஏடு எழுதினோர் இறந்து பல நூற்றாண்டு ஆயினமையால் பதிப்பாசிரியர் அவரைக் கேட்டல் இயலாதாயிற்று. ஆயினும் ஐயரவர்கள் வாளாவிருந்தாரல்லர்; சமண நூலிற் பொருள் விளங்காதவிடத்துக் கும்பகோணத்துச் சமணர்களை அணுகி வினவித் தெளிந்தார். யானோ எழுதியவர் மூன்றடித் தொலைவில் அமர்ந்திருக்க, அவரை ஒரு வார்த்தையும் கேளாமல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

ஆச்சி கண்ணாடியை அணிந்து புத்தகத்தை வாங்கினார். "சுழியம் என்றால் நடுவில் புள்ளி வைப்பேன் ஐயா. இதோ வைத்திருக்கிறேனே, பார்க்கவில்லையா? இந்தக் கோட்டுக்குக் கீழே அடிக்கோடு இருக்கிறது. ஆகவே இது ஒன்று. எல்லாயிருந்தால் வாலை வளைத்திருப்பேன். பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் அப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார்.

புள்ளி இருக்கத்தான் செய்தது. சுவடியிற் புள்ளியின்மையால் விளைந்த இடர்களைப் பக்கம் பக்கமாய்த் தேர்வில் எழுதிய யான், கண்முன் இருந்த புள்ளியை அழுக்கென்று கருதி விட்டுவிட்டேன்.

அச்சொல்லை இட்டோம். இணைய விளக்குப் பச்சையாய் எரிந்தது. ரவுட்டரின் அடிப்புறத்தில், அது ஆலையிலிருந்து வந்தபோது இட்ட வலைப்பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. அவற்றை டேப்லெட்டில் இட்டேன். மறுகணமே விசிறிக்குறி தோன்றிற்று! அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. முன்பு டேப்லெட் மறுத்தது கடவுச்சொல்லால் அன்று; யான் செருக்கோடு தெரிந்துவைத்த காப்பு முறையால். 2018-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் வகையை அதற்கு முற்பட்ட கருவிகள் பெரும்பாலும் அறியா. இரண்டும் மூன்றும் கலந்த முறை ஒன்று அப்பட்டியலிலேயே இருந்தது. அதனை வைத்திருந்தால் புதியனவும் பழையனவும் ஒருங்கே புகுந்திருக்கும். துளையை அழுத்தியபோது என் செருக்கும் அழிந்து, பெட்டி அக்கலப்பு முறைக்கே திரும்பியிருந்தது.

குறி தோன்றிய சிறிது நேரத்தில் டேப்லெட் ஒலிக்கத் தொடங்கிற்று, நிற்காமல் ஒலித்தது. அழைப்பன்று, வந்து தவறிய அழைப்புக்களின் அறிவிப்புக்கள். முதல் ஞாயிறு மூன்று; இரண்டாம் ஞாயிறு ஐந்து; அன்று மாலை இரண்டு. அவற்றினிடையே இரண்டாம் ஞாயிறன்று எழுதிய ஒரு வரி: "அம்மா, இன்னுமா கோபம் தீரவில்லை?"

ஆச்சி அவ்வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிட்டிருக்கிறாள்" என்று ஒரே சொல் சொன்னார். பின்னர்த் தாமே அத்தையின் படத்தைத் தொட்டு அழைத்தார். அங்கு மாலை நான்கரை மணி. அத்தை உடனே எடுத்தார். யானும் சிறுவனும் எழுந்து வாயிற்பக்கம் சென்றோம்.

படியில் நின்று அவனிடம், "வலை நின்றபோது நீ ஏன் ஒன்றும் கேட்கவில்லை?" என்றேன். "வேண்டாமென்று நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைத்தேன், கேட்கக் கூச்சமாயிருந்தது" என்றான். பொறியியற் கலந்தாய்வுக்குரிய விண்ணப்பத்தைப் பேருந்து நிலையத்தருகே உள்ள இணைய மையத்திற் காசு கொடுத்து இரண்டு நாள் காத்திருந்து அனுப்பினானாம். யான் மன்னிப்புச் சொல்லத் தொடங்கினேன். அவன் முடிக்கவிடவில்லை. "கடவுச்சொல்லை மாற்றுவது நல்லதுதானே, அண்ணா. சொல்லிவிட்டு மாற்றியிருக்கலாம்" என்றான். அவ்வளவே அவன் எனக்கு அளித்த தண்டனை.

மறுநாள் வேலைகளைச் செவ்வனே முடித்தோம். வலைக்குப் பழைய பெயரையே இட்டோம். கடவுச்சொல்லை ஆச்சி தெரிந்தார்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு எளிய சொற்கள், சிற்றெழுத்தில், சுழியமும் ஒன்றும் கலவாமல். நீளத்தால் வலிமையும் எளிமையால் தெளிவும் அதற்கு உண்டு. பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வலை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதிற் புகுவோர் இணையத்தைப் பெறுவர், வீட்டுக் கருவிகளுட் புகார். அதனை அடுத்த வீட்டிற்கென்று திறந்துவைத்தோம். கருவிகள் ஐந்தையும் கூடத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் புகுந்ததா என்று கண்ணாற் கண்ட பின்னரே எழுந்தேன். முதல் நாளே இதனைச் செய்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமே நேர்ந்திராது.

தோழர்காள்! உங்கள் இல்லத்திலும் ஒருநாள் இணைப்பு அறும். அப்பொழுது முதலில் விளக்குகளை நோக்குக. ஒரு கருவிக்கு மட்டும் இல்லையா, எல்லாவற்றிற்கும் இல்லையா என்று வினவுக. மின்னை நிறுத்திச் சிறிது பொறுத்துக் கொடுத்துப் பார்க்க, குண்டூசியைத் தேடற்க. எழுத்துக்களைக் கண்ணுக்குத் தோன்றச்செய்து இடுக. ஒன்று ஏற்க மற்றொன்று மறுப்பின், சொல்லை விட்டு முறையை ஆராய்க. இவையெல்லாம் எளிதிற் கற்கத்தக்கன.

கற்றற்கு அரியது பிறிதொன்று. ரவுட்டர் உள்ளே விடாதபோது 'இல்லை' என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. வெளியே நிறுத்தப்பட்ட மனிதர் பெரும்பாலும் அந்த 'இல்லை'யையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் காரணத்தைத் தாமே புனைந்துகொண்டு மௌனமாயிருப்பர். ஆச்சி மகளின் கோபம் என்று புனைந்தார். அத்தை தாயின் கோபம் என்று புனைந்தார். சிறுவன் எங்கள் வெறுப்பு என்று புனைந்தான். ஒருவரும் கேளாமையை நலத்தின் அடையாளமாக யான் புனைந்தேன். நால்வரில் ஒருவரேனும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவேண்டிய முதற்கடன் பூட்டை மாற்றிய எனக்கே உரியது.

கல்லூரிக்குப் புறப்படும் நாள் ஆச்சி தம் ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பின்னட்டையைக் காட்டினார். மங்கிய பழைய சொல்லின் மேல் பேனாவால் மீண்டும் எழுதியிருந்தார். அதன் கீழ்ப் புதிய சொல்லும், மாற்றிய தேதியும், யார் யார்க்குச் சொல்லப்பட்டது என்பதும் வரிசையாய் இருந்தன. ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகே, பள்ளிப் பிள்ளைகளின் வருகையைக் குறிப்பதுபோல், ஒரு சிறு புள்ளி வைத்திருந்தார்.